பழைய சம்பா சேர்வரில் பாதுகாப்பு ஓட்டை: அடைத்தால் போதுமா, புதிதாக நிறுவ வேண்டுமா?

வாவிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். களுவாஞ்சிக்குடியில் ஸ்டூடியோவும் சேர்ந்து இயங்கும் ஓர் அச்சகத்தில் எட்டு மாதங்களாகக் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். இங்கு பழைய மேசைக்கணினி ஒன்று கோப்புகளைப் பகிரும் சேர்வராக ஓடிக்கொண்டிருக்கிறது. அதை அமைத்துத் தந்தவர் சில வருடங்களுக்கு முன்னரே வெளிநாடு போய்விட்டார். கடவுச்சொல் எழுதிய ஒரு துண்டுக் காகிதத்தைத் தவிர எந்தக் குறிப்பையும் அவர் விட்டுச் செல்லவில்லை. திருமணப் படங்கள், அல்பம் வடிவமைப்புகள், பாடசாலை வினாத்தாள்கள், வாடிக்கையாளர்கள் கடவுச்சீட்டுப் படத்துக்காகத் தந்த அடையாள அட்டைப் பிரதிகள் என இந்த அச்சகத்தின் பத்து வருட உழைப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது.

அதில் உள்ளது உபுண்டு 14.04 என்ற லினக்ஸ் இயங்குதளம். வின்டோஸ் கணினிகளோடு கோப்புகளைப் பகிர்வது அதிலுள்ள சம்பா என்ற மென்பொருள். அதன் பதிப்பைக் கேட்டால் 4.3.11 என்று காட்டுகிறது. கடந்த கிழமை நண்பர் ஒருவர் தன் மடிக்கணினியிலிருந்து வலையமைப்பைப் பரிசோதித்தபோது, 2017ஆம் ஆண்டு வெளிவந்த 7494 என்ற இலக்கமுடைய ஓட்டை, அதாவது ‘சம்பாகிரை’ என்று பலரும் அழைத்தது, இந்தச் சேர்வரில் இருக்கக்கூடும் என்று பரிசோதனைக் கருவி எச்சரித்தது. ‘இருக்கக்கூடும்’ என்ற அந்தச் சொல்தான் என்னைக் குழப்புகிறது. உண்மையில் இருக்கிறதா, இல்லையா என்பதை எப்படி உறுதிப்படுத்துவது?

எங்களிடம் வின்டோஸ் 10 கணினிகள் ஐந்தும், அல்பம் வடிவமைப்பவர் பயன்படுத்தும் ஒரு மெக் கணினியும், ஸ்டிக்கர் வெட்டும் பிளொட்டரை ஓட்டும் எக்ஸ்பீ கணினி ஒன்றும் உள்ளன. பகிர்ந்த கோப்புறைக்குக் கடவுச்சொல் கிடையாது. கடைக்குள் இருக்கும் எவரும் எழுதலாம், அழிக்கலாம். வேலை நாட்களில் சேர்வரை அரை மணி நேரம் நிறுத்தினாலே முதலாளி கவலைப்பட்டு எழுந்து வந்துவிடுவார், அவரையும் குறை சொல்ல முடியாது. சம்பாவை மட்டும் புதுப்பித்து இந்த ஓட்டையை அடைத்துவிடலாமா என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லித்தர வேண்டும்.

சம்மாந்துறையான் எழுதியது:

தம்பி, முதலில் பதிப்பு இலக்கத்தைப் பற்றிய குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம், ஏனென்றால் பலர் தடுமாறும் இடம் அதுதான். சம்பா குழுவினர் இந்த ஓட்டையை அடைத்து 2017 மே 24ஆம் திகதி வெளியிட்ட பதிப்புகள் 4.6.4, 4.5.10, 4.4.14 ஆகியவை. இந்த இலக்கங்களை மட்டும் பார்த்தால் உங்கள் 4.3.11 பழுதானது என்றே தோன்றும். ஆனால் உபுண்டு, டெபியன் போன்றவை ஒரு பதிப்பை வெளியிட்ட பிறகு அதன் முதன்மை இலக்கத்தைப் பெரும்பாலும் மாற்றுவதில்லை. திருத்தத்தை மட்டும் பழைய பதிப்புக்குள் கொண்டுவந்து தைத்து, பொதியின் வால் இலக்கத்தை மட்டும் உயர்த்துகின்றன. ஆகவே திருத்தம் பெற்ற 4.3.11உம் பெறாத 4.3.11உம் பதிப்பைக் கேட்கும்போது ஒரே பதிலையே தரும். நண்பரின் கருவி ‘இருக்கக்கூடும்’ என்று சொன்னதற்குக் காரணம் இதுதான். அது வாசலில் உள்ள பெயர்ப்பலகையை வாசித்ததே தவிர வீட்டுக்குள் போய்ப் பார்க்கவில்லை.

உள்ளே பார்ப்பதற்கு எளிய வழி ஒன்று உண்டு. யுஎஸ்ஆர், ஷெயார், டொக், சம்பா என்று வரிசையாகப் போனால் சுருக்கப்பட்ட மாற்றப் பதிவுக் கோப்பு ஒன்று இருக்கும். அதை இசட்கிரெப் கட்டளையால் 7494 என்று தேடுங்கள். அந்த இலக்கம் ஒரு வரியிலாவது வந்தால் திருத்தம் வந்து சேர்ந்திருக்கிறது. வராவிட்டால், பதிவின் முதல் வரியில் உள்ள திகதியைப் பாருங்கள். எந்த நாளோடு அப்டேட் நின்றுபோனது என்று அது சொல்லிவிடும்.

இந்த ஓட்டை என்ன செய்கிறது என்பதையும் விளங்கிக்கொள்ளுங்கள், அப்போதுதான் எந்தத் தடுப்பு எதைத் தடுக்கிறது என்பது புரியும். ஒரு வின்டோஸ் கணினி சேர்வரிடம் ‘உன்னிடம் என்னென்ன பகிர்வுகள் உள்ளன’ என்று கேட்கும்போது, அது ‘பைப்’ எனப்படும் ஒரு பெயரிட்ட குழாயைத் திறந்துதான் கேட்கிறது. சம்பாவுக்குப் பழக்கமான குழாய்ப் பெயர்கள் சில உண்டு. தெரியாத பெயர் ஒன்று வந்தால், அந்தப் பெயரில் வெளித் தொகுதி ஏதாவது நிறுவப்பட்டிருக்கலாம் என்று எண்ணி, அதைத் தேடி நினைவகத்தில் ஏற்ற முயல்வது 3.5.0 பதிப்பிலிருந்து வந்த வழக்கம். தவறு எங்கே என்றால், வந்த பெயருக்குள் சாய்கோடு இருக்கிறதா என்று எவரும் பார்க்கவில்லை. சாய்கோடு இருந்தால் அது பெயராக இல்லாமல் முழுப் பாதையாக மாறிவிடும். ஆகவே ஒருவன் உங்கள் எழுதக்கூடிய பகிர்வில் தன் நிரல் அடங்கிய நூலகக் கோப்பு ஒன்றை வைத்துவிட்டு, அந்தக் கோப்பின் முழுப் பாதையையே குழாய்ப் பெயராகக் கேட்டால், சேர்வர் அதைத் தானே எடுத்து, ரூட் அதிகாரத்தோடு, அதாவது கணினியின் முழு நிர்வாக அதிகாரத்தோடு, ஓட்டிவிடும். திருத்தமோ மிகச் சிறியது: பெயருக்குள் சாய்கோடு இருந்தால் மறுத்துவிடு என்ற ஒரு நிபந்தனைதான். ஏழு வருடங்களாகக் கண்ணில் படாமல் இருந்த தவறைச் சரிசெய்ய இரண்டு மூன்று வரிகள் போதுமாயிருந்தன என்பதை எண்ணும்போது எனக்கு இன்றும் மனம் ஒரு கணம் நின்றுவிடுகிறது.

அதே 2017 மே மாதம் 12ஆம் திகதி, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டு உலகைக் கலக்கிய வன்னாகிரை என்ற தீநிரலோடு இதைக் கலக்க வேண்டாம். அது வின்டோஸின் சொந்த எஸ்எம்பி (வலையமைப்பில் கோப்புகளைப் பகிரும் நெறிமுறை) முதற்பதிப்பில் இருந்த வேறு தவறு. மைக்ரோசொஃப்ட் அதற்கான திருத்தத்தை மார்ச் 14ஆம் திகதியே வெளியிட்டிருந்தது. பெயர் ஒத்திருப்பதால் ஒன்றென்று நினைத்து, வின்டோஸ் கணினிகளுக்கு அப்டேட் போட்டுவிட்டோம், எல்லாம் முடிந்தது என்று இருந்த சிலரை நான் கண்டிருக்கிறேன்.

நம் பக்கத்தில் சம்பா என்றால் நெல்தான் நினைவுக்கு வரும். இந்த மென்பொருளின் பெயரோ, எஸ், எம், பி ஆகிய மூன்று எழுத்துகளும் அதே வரிசையில் வரும் ஒரு சொல்லை அகராதியில் தேடி, அதை எழுதிய அன்ட்ரூ டிரிட்ஜெல் என்பவர் தெரிவுசெய்தது.

பாசிக்குடா எழுதியது:

இவ்வளவு நீட்ட வேண்டியதில்லை என்பது என் கருத்து. சம்பாவின் அமைப்புகளை எழுதும் எஸ்எம்பி கொன்ஃப் கோப்பில் குளோபல் பகுதியின் கீழ், ‘என்டி பைப் சப்போர்ட்’ என்ற அமைப்புக்கு ‘நோ’ என்று எழுதி, சேவையை மீண்டும் தொடங்கினால் இந்த ஓட்டை மூடப்பட்டுவிடும். அதைச் சம்பா குழுவினரே தற்காலிக வழியாக அறிவித்திருந்தார்கள். நான் இரண்டு கடைகளில் இப்படிச் செய்திருக்கிறேன். சேர்வரின் பெயரைத் தட்டிப் பகிர்வுகளின் பட்டியலைப் பார்க்க முடியாமல் போகும்; ஆனால் பகிர்வின் முழு முகவரியைக் கொடுத்து ஒரு டிரைவ் எழுத்தாக இணைத்துவிட்டால் வேலை வழக்கம்போல் நடக்கும். பத்து நிமிட வேலை.

கல்லடிக்கரை எழுதியது:

பாசிக்குடா சொன்ன வழி சரியானதுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் ‘இனி எவரும் உள்ளே வர முடியாது’ என்பதும் ‘இதுவரை எவரும் உள்ளே வரவில்லை’ என்பதும் வெவ்வேறு கேள்விகள். கடவுச்சொல் இல்லாத, எவரும் எழுதக்கூடிய பகிர்வு ஒன்று பல வருடங்களாகத் திறந்திருக்கிறது என்று தம்பி எழுதியிருக்கிறார். அதை வாசித்த உடனே எனக்கு வந்த கேள்வி, அந்தச் சேர்வரை வெளியிலிருந்து எட்ட முடியுமா என்பதே.

தம்பி, எந்த அமைப்பையும் தொடுவதற்கு முன்னர் உங்கள் ரவுட்டருக்குள் போய், இணையத்திலிருந்து உள்ளே வர வாசல் திறக்கும் போர்ட் ஃபோர்வர்டிங் என்ற பக்கத்தைப் பாருங்கள். எஸ்எம்பி பயன்படுத்தும் 445 அல்லது 139 என்ற வாசல் இலக்கம் அங்கே எந்த வடிவத்திலாவது இருந்தால், உடனே அதை நீக்குங்கள். மட்டக்களப்பில் சிறு அலுவலகங்கள் பலவற்றுக்கு வலையமைப்பு வேலைக்காகப் போய்வருகிறேன். முதலாளி வீட்டிலிருந்து கோப்பு பார்க்க வேண்டும் என்று கேட்டதற்காக, யாரோ ஒருவர் நல்ல மனத்தோடு இந்த வாசலைத் திறந்துவிட்டுப் போயிருப்பதை மூன்று இடங்களில் கண்டிருக்கிறேன். எஸ்எம்பியை நேரடியாக இணையத்துக்குத் திறப்பது எந்தக் காலத்திலும் செய்யக்கூடாத செயல். வீட்டிலிருந்து பார்ப்பது அவசியம் என்றால் வீபிஎன் என்ற பாதுகாக்கப்பட்ட தனி இணைப்பை அமைக்க வேண்டும்.

2017 ஜூனிலேயே இந்த ஓட்டை வழியாக லினக்ஸ் சேர்வர்களுக்குள் நுழைந்து, அவற்றின் கணிப்புத் திறனைச் செலவழித்து மொனேரோ என்ற மின்நாணயத்தைத் தோண்டும் நிரலை ஓட்டவைத்த கும்பலைப் பற்றிக் காஸ்பர்ஸ்கி நிறுவனம் அறிவித்திருந்தது. அவர்கள் முதலில் பகிர்வில் எழுத முடிகிறதா என்று பார்ப்பதற்காக எட்டு எழுத்துகளில் தாறுமாறான பெயருள்ள ஒரு டெக்ஸ்ட் கோப்பை எழுதி, எழுத முடிந்தால் அதை அழித்துவிடுவார்கள். அதன் பிறகுதான் நூலகக் கோப்பு வரும். அடுத்த சிக்கல் அவர்களுக்கு முழுப் பாதை தெரியாது என்பது. ஆகவே வழக்கமான பாதைகளை ஒவ்வொன்றாக ஊகித்துக் கேட்பார்கள். இந்த ஊகங்கள் தடம் விடும். சம்பா தன் நிகழ்வுகளைப் பதியும் லொக் கோப்புறையில், தொகுதியை ஏற்ற முடியவில்லை என்ற பொருள்பட ‘எரர் லோடிங் மொடியூல்’ என்று தொடங்கும் வரிகள் உள்ளனவா என்று தேடுங்கள். பகிர்வுக்குள் ‘டொட் எஸ்ஓ’ என்று முடியும் நூலகக் கோப்புகளையும் தேடுங்கள். அச்சகத்தின் கோப்புறையில் அப்படிப்பட்ட கோப்பு இருப்பதற்கு எந்த நியாயமும் கிடையாது. கண்டால் அழிக்காதீர்கள், திறக்காதீர்கள்; பெயரையும் திகதியையும் குறித்துக்கொண்டு இங்கே எழுதுங்கள்.

வாவிக்கரை எழுதியது:

சம்மாந்துறை நானாவுக்கும் கல்லடி அக்காவுக்கும் மிக்க நன்றி. நேற்று இரவு கடை பூட்டிய பிறகு உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தேன்.

மாற்றப் பதிவில் 7494 என்ற இலக்கம் எங்கும் இல்லை. மேலே உள்ள கடைசிப் பதிவு 2017 மார்ச் மாதத்தோடு நின்றுவிட்டது. ஏன் என்று தேடியபோது, தானாக அப்டேட் எடுக்கும் வசதி நிறுத்தப்பட்டிருப்பதைக் கண்டேன். அது யார் செய்தது என்று தெரியாது, ஆனால் டேட்டா செலவாகிறது என்ற காரணத்துக்காக இருக்கலாம் என்று முதலாளி சொன்னார்.

ரவுட்டரில் 445 திறந்திருந்தது. அக்கா சொன்னது அப்படியே நடந்திருக்கிறது: முதலாளியின் வீடு மட்டக்களப்பு நகரில், அங்கிருந்து மகள் அல்பம் பார்த்துத் திருத்தம் சொல்வதற்காக அது திறக்கப்பட்டதாம். அந்த இடத்திலேயே நீக்கிவிட்டேன்.

லொக் கோப்புறையைத் திறந்தபோதுதான் உண்மையில் என் கை குளிர்ந்தது. ஒவ்வொரு கணினிக்கும் ஒரு கோப்பு என்ற வகையில் அமைத்திருப்பதால், எங்களுக்குள்ள ஏழு கணினிகளுக்கு ஏழு கோப்புகளும் பொதுவான இரண்டு மூன்றும் இருக்க வேண்டும். முந்நூற்றுக்கும் மேற்பட்ட கோப்புகள் இருந்தன. பெயர்களெல்லாம் வெளியூர் ஐபி முகவரிகள். அவற்றுள் பதினொன்றில் நீங்கள் சொன்ன வரி இருக்கிறது. ஒரு கோப்பில் அந்த வரி அடுத்தடுத்து பத்தொன்பது முறை வந்திருக்கிறது. ஒவ்வொன்றிலும் பாதை கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறது, ஹோம் என்று தொடங்கி, எம்என்டி, மீடியா, ஷெயார்ஸ், எஸ்ஆர்வி என்று போகிறது. இருட்டில் ஒருவன் வீட்டின் ஒவ்வொரு யன்னலையும் தட்டிப் பார்த்துக்கொண்டே போவதைப் பார்ப்பது போல் இருந்தது. எங்கள் பகிர்வு எஸ்ஆர்வியின் கீழ்தான் உள்ளது. அந்தப் பாதை வந்ததோடு வரிகள் நின்றுவிடுகின்றன.

பகிர்வுக்குள் ‘2019 கலியாணம்’ என்ற கோப்புறைக்குப் பக்கத்திலேயே எட்டு எழுத்துப் பெயரோடு ‘டொட் எஸ்ஓ’ கோப்புகள் இரண்டு இருந்தன. நான் தினமும் கடந்துபோகும் இடம் அது. ஏதோ வடிவமைப்பு மென்பொருளின் கழிவு என்று நினைத்திருந்தேன். காலையில் கடையைத் திறக்கும்போது சேர்வரின் விசிறி எப்போதும் இரைந்துகொண்டே இருக்கும், பெட்டியின் பக்கத்தகடு சுடும். பழைய கணினி, தூசு என்று இருமுறை துடைத்தும் விட்டேன். நேற்று எவரும் இணைந்திராத நேரத்தில் ஓடும் நிரல்களைக் காட்டும் டொப் கட்டளையைப் போட்டால் ஒரு புரோசஸ் தனியாக நூற்றுத் தொண்ணூறு வீதத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு ஓடுகிறது.

இப்போது வலையமைப்புக் கேபிளைக் கழற்றி வைத்திருக்கிறேன். மின்சாரத்தை நிறுத்தவில்லை. அடுத்து என்ன செய்வது?

சம்மாந்துறையான் எழுதியது:

கேபிளைக் கழற்றியது மிகச் சரியான செயல். இனி பேட்ச் போடுவதைப் பற்றிய பேச்சை நாம் விட்டுவிட வேண்டும், தம்பி. ஏற்றப்பட்ட அந்த நூலகம் ரூட் அதிகாரத்தோடு ஓடியிருக்கிறது. அப்படி ஓடிய ஒன்று உள்ளே என்னென்ன மாற்றியது என்று அந்தக் கணினியிடமே கேட்டு அறிய முடியாது, ஏனென்றால் பதில் சொல்லும் கட்டளையையே அது மாற்றியிருக்கக்கூடும். கண்ணுக்குத் தெரிந்தது நாணயம் தோண்டும் நிரல். தெரியாதது எதுவாகவும் இருக்கலாம். ஆகவே சுத்தம் செய்ய முயலாமல், புதிய டிஸ்கில் புதிதாக நிறுவுங்கள். அதற்கு முன்னர் லொக் கோப்புகளையும் அந்த இரண்டு கோப்புகளையும் ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த பென் டிரைவை வேறு எந்த வேலைக்கும் பாவிக்க வேண்டாம். நிறுத்தும்போது வழக்கமான முறையில் நிறுத்தாமல் மின்சாரத்தைத் துண்டித்து, பழைய டிஸ்கைக் கழற்றி மேலே திகதி எழுதி வையுங்கள்.

புதியதில் உபுண்டு 24.04இன் சேர்வர் பதிப்பைப் போடலாம். உங்கள் கணினி 64 பிட்டா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு 2029 வரை இலவசமாகத் திருத்தங்கள் கிடைக்கும், சம்பா 4.19 அதனோடு வருகிறது. 14.04க்கான பொதுவான ஆதரவு 2019 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த ஓட்டைகள் எவையும் வழக்கமான அப்டேட் மூலம் அங்கே அடைக்கப்பட்டிருக்கப் போவதில்லை. உங்களைப் பொறுத்தவரை அவற்றுள் ஒன்று மிக முக்கியமானது. மெக் கணினி ஒன்று இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அதற்காகப் பழைய அமைப்பில் ‘ஃபுரூட்’ என்ற தொகுதி சேர்க்கப்பட்டிருக்கும் என்று எண்ணுகிறேன். மெக் கோப்புகளோடு சேர்த்து வைக்கும் கூடுதல் பண்புகளைப் பாதுகாக்கும் தொகுதி அது. 2022 ஜனவரி 31ஆம் திகதி அதில் ஒரு ஓட்டை அறிவிக்கப்பட்டது, 2021-44142 என்பது அதன் இலக்கம். கோப்பின் கூடுதல் பண்புகளை எழுதக்கூடிய எவரும் அதன் வழியாக ரூட் அதிகாரத்தில் நிரலை ஓட்ட முடியும். விருந்தினருக்கும் எழுதும் உரிமை இருந்தால் விருந்தினரே போதும். 4.13.17க்கு முந்தைய எல்லாப் பதிப்புகளும் அதில் அடக்கம். ஆகவே தம்பி பாசிக்குடா சொன்ன ஒற்றை வரியை நீங்கள் அன்றே எழுதியிருந்தாலும், பக்கத்து வாசல் ஒன்று திறந்தே இருந்திருக்கும். அதைச் சொல்வது அவரைக் குறைகூறுவதற்காக இல்லை. தற்காலிக வழி என்பது உண்மையான திருத்தம் வந்து சேரும் வரைக்கும்தான்.

தரவுகளை வைக்கும் பகுதியைத் தனி பார்ட்டிஷனாகப் பிரித்து, அதை ‘நோஎக்ஸெக்’ என்ற நிபந்தனையோடு இணையுங்கள். அதிலிருந்து எந்த நிரலையும் ஓட்டவோ நூலகமாக ஏற்றவோ லினக்ஸ் கருவகம் அனுமதிக்காது. சம்பாகிரை வந்த நாளில், திருத்தமே இல்லாத சேர்வர்களைக்கூட இந்த ஒரு சொல் காப்பாற்றியிருக்கும். படங்களும் ஆவணங்களும் வைக்கும் இடத்தில் நிரல் ஓட வேண்டிய தேவை என்ன? எனக்குத் தெரிந்து எவரும் இதை முதலில் செய்வதில்லை, ஆனால் நான் எந்தச் சேர்வர் அமைத்தாலும் முதலில் எழுதும் வரி இதுதான்.

விருந்தினர் அனுமதியை முற்றாக எடுத்துவிட்டு, ஆளுக்கொரு கணக்கும் கடவுச்சொல்லும் கொடுங்கள். ‘ஹோஸ்ட்ஸ் அலவ்’ அமைப்பில் கடையின் உள் முகவரிகளை மட்டும் அனுமதியுங்கள். எழுதி முடித்ததும் டெஸ்ட்பார்ம் கட்டளையால் சரிபாருங்கள்; எழுத்துப் பிழையுள்ள ஒரு வரியைச் சம்பா சொல்லாமல் தவிர்த்துவிட்டுப் போகும், நாமோ பாதுகாப்பு போட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்போம். தானாகப் பாதுகாப்பு அப்டேட் எடுக்கும் வசதியைக் கட்டாயம் இயக்குங்கள். அப்டேட் டிஸ்கில் இறங்கினாலும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் புரோசஸ் நிறுத்தப்படும் வரை பழைய நிரலையே நினைவகத்தில் வைத்திருக்கும் என்பதையும் நினைவில் வைத்து, சேவை மீண்டும் தொடங்கப்பட்டதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

எக்ஸ்பீ கணினிதான் கொஞ்சம் கஷ்டம். அதற்கு எஸ்எம்பியின் முதற்பதிப்பு மட்டுமே தெரியும், சம்பா 4.11இலிருந்து அது இயல்பாகவே நிறுத்தப்பட்டிருக்கிறது. ஒரு பிளொட்டருக்காக அதை மீண்டும் திறந்துவிடாதீர்கள். வலையமைப்பிலிருந்து அந்தக் கணினியைப் பிரித்துவிட்டு, வெட்ட வேண்டிய கோப்பை பென் டிரைவில் கொண்டுபோங்கள்.

கல்லடிக்கரை எழுதியது:

நானா சொல்லாமல் விட்ட ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். பழைய டிஸ்கிலிருந்து தரவை எடுக்கும்போது, வேறொரு கணினியை யுஎஸ்பியிலிருந்து லினக்ஸில் தொடங்கி, அந்த டிஸ்கை வாசிக்க மட்டும் என்ற நிலையில் இணைத்து, படங்கள், பீடிஎஃப், வடிவமைப்புக் கோப்புகள் என்று வகை தெரிந்தவற்றை மட்டும் எடுங்கள். முழுக் கோப்புறையையும் அப்படியே இழுத்துப் போட்டால், புதிய வீட்டுக்குப் பழைய கறையானையும் கொண்டுபோவதாகிவிடும்.

கடவுச்சொற்களைப் பற்றி. சம்பா தன் பயனர்களின் கடவுச்சொல்லை என்டி ஹாஷ் என்ற, நேரடியாக வாசிக்க முடியாத வடிவத்தில் ஒரு கோப்பில் வைத்திருக்கும். ரூட் அதிகாரம் பெற்றவனுக்கு அந்தக் கோப்பு கிடைத்திருக்கும். சிறிய கடவுச்சொல்லை அதிலிருந்து மீட்டெடுப்பது கடினமான காரியம் இல்லை. பகிர்வுக்கு விருந்தினர் அனுமதி இருந்தாலும், நிர்வாகத்துக்கென்று ஒரு கணக்காவது இருந்திருக்கும். அதே கடவுச்சொல்லை ரவுட்டருக்கோ, கடையின் மின்னஞ்சலுக்கோ, வங்கிக் கணக்குக்கோ பாவித்திருந்தால் இன்றே மாற்றுங்கள்.

இதைவிட எனக்கு மனத்தில் பாரமாக இருப்பது அந்த அடையாள அட்டைப் பிரதிகள். ஊர்ச் சனங்கள் நம்பித் தந்தவை. வேலை முடிந்த பிறகு அவற்றை வைத்திருக்க வேண்டிய அவசியம் என்ன என்று முதலாளியோடு கதையுங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் நம் நாட்டில் நிறைவேற்றப்பட்டிருக்கிறது. சட்டத்தை விட்டாலும், தேவையற்றதை வைத்திராவிட்டால் திருடப்பட ஒன்றும் இருக்காது. கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கையாளும் இலங்கை சேர்ட் அமைப்புக்கும் இதை அறிவியுங்கள். அந்த ஐபி முகவரிகள் அவர்களுக்குப் பயன்படும்.

வாவிக்கரை எழுதியது:

ஞாயிற்றுக்கிழமையோடு வேலை முடிந்தது. முதலாளியிடம் லொக் கோப்பில் இருந்த அந்தப் பத்தொன்பது வரிகளைத் தாளில் அச்சிட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்துவிட்டு, இரண்டு நாள் கடை வேலை நின்றாலும் பரவாயில்லை, சரியாகச் செய் என்றார். புதிய எஸ்எஸ்டியும், காப்புப் பிரதிக்காக வெளி டிஸ்க் இரண்டும் வாங்கித் தந்தார். ஒன்று கடையில் இருக்கும், மற்றது அவர் வீட்டில், வெள்ளிக்கிழமைதோறும் மாற்றிக்கொள்வோம். மாரி வெள்ளம் கடைக்குள் வந்தாலும் வீட்டில் ஒன்று இருக்கும் என்று அவரே சொன்னார்.

நானா சொன்னபடி தரவுப் பகுதி நோஎக்ஸெக்கில் இணைந்திருக்கிறது. சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, ஒரு சிறிய நிரலை அங்கே கொப்பி செய்து ஓட்டிப் பார்த்தேன், அனுமதி மறுக்கப்பட்டது. மெக் கணினியில் அல்பம் வடிவமைப்பவர் எந்த வித்தியாசமும் தெரியவில்லை என்கிறார். பழைய அமைப்பில் ஃபுரூட் உண்மையாகவே இருந்தது. டெஸ்ட்பார்ம் ஒரு பிழையைப் பிடித்துத் தந்தது: ‘ஹோஸ்ட்ஸ் அலவ்’ என்பதில் கடைசி எழுத்தை விட்டிருந்தேன்.

தரவை மாற்றும்போது தெரியாத வகைக் கோப்புகள் நாற்பத்தொன்று ஒதுங்கின. அவற்றுள் முப்பத்தெட்டு பழைய எழுத்துருக்களும் வடிவமைப்பு மென்பொருளின் தற்காலிகக் கோப்புகளும். மிச்சம் மூன்றுள் இரண்டு நமக்குத் தெரிந்தவை. மூன்றாவது என்னவென்று இன்னும் எனக்கு விளங்கவில்லை; அதையும் பென் டிரைவில் வைத்து, சேர்ட்டுக்கு அனுப்பிய கடிதத்தில் குறிப்பிட்டிருக்கிறேன்.

அடையாள அட்டைப் பிரதிகள் ஆயிரத்துக்கு மேல் இருந்தன. முதலாளியின் சம்மதத்தோடு அவற்றைப் புதிய சேர்வருக்கு எடுக்கவில்லை. வேலை நடந்துகொண்டிருந்த ஆறு பேருடையதை மட்டும் எடுத்தேன், அவையும் படம் கொடுத்த அன்றே அழிக்கப்படும். பிளொட்டருக்கு இப்போது பென் டிரைவில்தான் கோப்பு போகிறது. ஓட்டும் அண்ணன் இது மூன்று நிமிடம் கூடுதல் என்று முறையிடுகிறார். அந்தப் பிளொட்டரின் மென்பொருளை வின்டோஸ் 10இல் ஓட்டியவர்கள் எவராவது இருந்தால், அதைப் பற்றித் தனி இழையாகக் கேட்கிறேன்.